புறா விரட்டிய சிடி

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஏழு லிப்டுகளைச் சோதித்தேன். ஏழாவதில், பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கிய ஒரு பல் டாக்டரை மீட்டேன். வெளியே வந்ததும் என் கையைப் பற்றிக் கண்ணீர் மல்க நின்றார் என்று எழுத ஆசைதான். "இவ்வளவு நேரமா?" என்று கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி போய்விட்டார். மாவீரர்களின் கதி இதுதான்.

வீட்டுக்கு வந்தால் அக்கா மகள் கதவருகிலேயே மடக்கினாள். நான் அவளைத் தவளை ராணி என்றுதான் அழைப்பது. மூன்று வருடமாகக் குளம் குளமாகப் போய்த் தவளைகள் கத்துவதைப் பதிவு செய்கிறாள், ஆராய்ச்சி. ஆகஸ்ட் முதல் தேதி ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அத்தனை தவளைகளும் குடியிருப்பது, துணி தேய்க்கும் மேசைக்கு அடியில் நிற்கும் என் பட்டத்து யானையின் வயிற்றில். யானை என்பது பன்னிரண்டு வயதுக் கணினி. லினக்ஸ் ஓடுகிறது. அணைக்காமல் தொடர்ந்து நானூற்றுப் பதினோரு நாளாக ஓடுகிறது. அதற்குப் பாகன், வைத்தியன், ராஜகுரு எல்லாம் நான் ஒருவனே.

"மாமா, நேத்து குளத்துல எடுத்ததை ஏத்தும்போது என்னமோ செய்தி வருது. இடமில்லைங்குது."

"யானைன்னா பிளிறத்தான் செய்யும். ஓகேன்னு அமுக்கு, அடங்கிடும்."

"அமுக்கலாமா? நிச்சயமா?"

"யாரைப் பார்த்து நிச்சயமான்னு கேக்கற?"

அமுக்கினாள். அடங்கியது. ராஜ்ஜியத்தில் அமைதி நிலவுகிறது.

ஜூன் 5, வியாழன்

யானைக்கு இன்று உண்மையிலேயே மூச்சு முட்டிவிட்டது. டிஸ்கில் ஊசி குத்த இடமில்லை. ஏன் நிரம்பியது என்று நிதானமாகப் பார்த்திருக்கலாம். அது சாமானியர்கள் செய்கிற வேலை. நான் வாளை உருவினேன்.

பூட் என்ற கோப்பறைக்குள் நுழைந்தால் பழைய கர்னல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. லினக்ஸுக்குக் கர்னல்தான் இதயம். புதுசு வந்தாலும் பழசுகள் போகாமல் மூலையில் குந்திக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நீளநீளமான எண்கள். எது பழசு, எது புதுசு என்று பார்க்க என் கண்ணாடி வேண்டும். கண்ணாடி கூடத்தில் இருந்தது. கூடத்தில் அக்கா இருந்தாள். நான் ஈரத்துண்டைப் போட்டுவைத்த நாற்காலி அக்காவின் கண்ணில் பட்டிருந்தது. ஆகவே கண்ணாடி இல்லாமலே போர் தொடுத்தேன். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று கணினி கேட்க முடியாதபடி வாயைக் கட்டிவிட்டு, மொத்தப் படையையும் ஒரே வீச்சில் சாய்த்தேன்.

கொஞ்சம் இடம் கிடைத்தது. யானை அசராமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் வருடம் ஓடும்.

ஜூன் 6, வெள்ளி

மாலை நாலு மணிக்குத் தெரு முழுக்கக் கரன்ட் போனது. யானைக்குக் காவலாக வைத்திருக்கும் பேட்டரி இருபது நிமிடம் தாக்குப்பிடித்தது. ஏழு மணிக்குக் கரன்ட் வந்தது.

யானை வரவில்லை.

ஜூன் 7, சனி

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் இரண்டே வரி. கோப்பு கிடைக்கவில்லை. முதலில் கர்னலை ஏற்று.

முதலில் கர்னலை ஏற்றவாம். எங்கிருந்து ஏற்றுவது? என் கையாலேயே அல்லவா — எல்லாவற்றையும் — ஓடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து வெட்டியிருக்கிறேன். ஓடும்வரை நினைவில் வைத்துக்கொண்டு ஓடியது. ஒருமுறை அணைந்ததும், எழுந்திருக்க இதயம் எங்கே என்று தேடியிருக்கிறது. இல்லை. வியாழன் முதலே யானை செத்துத்தான் நடந்திருக்கிறது. பார்த்துப் பெருமைப்பட்ட பாகன் நான்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். ஈரத்துண்டின் மேல். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

தவளை ராணி பின்னால் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமா, என் பதிவெல்லாம் இருக்கு இல்ல?"

"இருக்கும்."

"'இருக்கும்'னா? நீங்க எப்பவும் 'இருக்கு'ன்னுதானே சொல்லுவீங்க."

இந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு கூர்மையான காது. தவளைகளால் வந்த வினை.

கடைத்தெருவில் கணினி பழுதுபார்ப்பவரிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டார். "கம்ப்யூட்டரைக் கொண்டாங்க, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார். ஃபார்மேட் என்றால் தவளைகள் கூண்டோடு கைலாசம். ஐயா, வேண்டாம் என்று கும்பிட்டேன். அப்படியென்றால் ஒரு பூட் சிடி வேண்டும், அதைப் போட்டுக் கணினியை வெளியிலிருந்து எழுப்பி உள்ளே போய்ப் பாருங்கள் என்றார். அவரிடம் சிடி இல்லையாம், எட்டு வருடமாகவே இல்லையாம். என் யானையோ பென் டிரைவைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஜாதி. சிடிக்கு மட்டுமே மனம் இளகும்.

அப்போதுதான் மின்னல் அடித்தது. என்னிடம்தான் பூட் சிடி இருக்கிறதே! யானை வந்த புதிதில் நானே பதித்து, "உயிர்" என்று பேனாவால் எழுதி, ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அந்த டப்பா —

அக்காவிடம் கேட்டேன். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். எந்தப் பொருள் எங்கே என்று தூக்கத்திலும் சொல்வாள்.

"நீதானே குடுத்த. பால்கனில புறா தொல்லை தாங்கலைன்னேன். 'எடுத்துக்கொள் தமக்கையே, என் பொக்கிஷம் முழுதும் உனக்கே'ன்னு டப்பாவோட நீட்டின."

சொல்லியிருப்பேன். என் நடைதான்.

பால்கனிக்குப் போனேன். கொடிக்கயிற்றில் இருபத்திரண்டு சிடிகள் நூலில் தொங்கி வெயிலில் பளபளத்துச் சுழன்றுகொண்டிருந்தன. ஒன்றில் உயிர். எதில் என்று தெரியாது. வெயிலும் மழையும் எழுத்தையெல்லாம் தின்றுவிட்டன. ஒரு புறா மட்டும் கம்பியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம்கூடப் பயப்படவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். இருபத்திரண்டையும் இறக்கி, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி, அத்தானின் கண்ணாடிக்கடைத் துணியால் துடைத்தேன். அத்தான் கடையில் மூக்குக்கண்ணாடி துடைக்கக் கொடுக்கும் துணி. அந்தத் துணிக்கு இதைவிடப் பெரிய பணி வாழ்நாளில் வாய்க்காது.

யானையை எழுப்பாத சிடிகளில் என்ன இருக்கிறது என்று டிவிடி பிளேயரில் போட்டுப் பார்த்தேன். முதல் சிடி: ராணி ஒன்றாம் வகுப்பில் ஆடிய நடனம். இரண்டு: ஒன்றுமில்லை. மூன்றாவதை யானை மென்று துப்பியது. ஏழாவதில் அத்தானின் கடை விளம்பரம். பதினைந்து வருடத்துக்கு முந்திய அத்தான் முழு முடியோடு சிரித்தார். அவரே வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "அந்த ஆளை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே மாப்ளே" என்றார். இந்த வீட்டில் இரண்டு நாளில் யாரும் சிரித்தது அப்போதுதான்.

பதினேழாவது. சுழன்றது. நின்றது. மறுபடி சுழன்றது. திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓட ஆரம்பித்தன. நான் மூச்சு விட்டால் நின்றுவிடும் என்று மூச்சையே விடவில்லை. அரை மணி நேரம் விடவில்லை. சரி, ஒரு நிமிடம்.

எழுந்துவிட்டது. சிடியின் இதயத்தை இரவல் வாங்கிக்கொண்டு யானை கண் திறந்தது. உள்ளே இருக்கும் டிஸ்கைத் திறந்து, ராணியின் கோப்பறைக்குள் நுழைந்தேன். இருக்கின்றன. தவளைகள். வருடவாரியாக, குளம்வாரியாக. ராணி என் தோளை அழுத்திப் பிடித்தாள். அக்கா, "சரி, இப்பவாவது ஏதாவது சாப்பிடு" என்றாள்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். சிலை வைத்திருப்பார்கள்.

புதுக் கர்னல் போட இடம் வேண்டுமே, எது இப்படி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அளந்து பார்த்தேன். என் காப்பு அறை. ஒவ்வொரு ஞாயிறும் தவளைகளை அப்படியே நகலெடுத்து வெளி ஹார்ட் டிஸ்கில் வைக்கும்படி நான் எழுதிவைத்த ஏற்பாடு. வெளி டிஸ்கில் இருக்க வேண்டிய நகல்கள் யானையின் வயிற்றுக்குள்ளேயே கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு வருடத்துக்கும் மேலாக.

எனக்குப் புரியப் பத்து நிமிடம் ஆனது. கதவு ஒன்றுதான். வெளி டிஸ்க் மாட்டியிருந்தால் அந்தக் கதவுக்குப் பின்னால் பக்கத்து வீடு. மாட்டாவிட்டால் நம் வீட்டு அலமாரி. பக்கத்து வீட்டில் பத்திரமாக வைப்பதாக நினைத்து நம் வீட்டு அலமாரியிலேயே திணித்திருக்கிறேன். வீடு எரிந்திருந்தால் இரண்டும் போயிருக்கும். வெளி டிஸ்கை ராணியின் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். கடைசி நகல்: போன வருடம், மார்ச் 3. அதற்குப் பிறகு வெறுமை.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். வெளி டிஸ்கின் கறுப்பு ஒயர் தரையில் தூசிக்குள் கிடந்தது. அது இருக்க வேண்டிய பிளக் பாயின்டில் இஸ்திரிப் பெட்டி.

அத்தானின் இஸ்திரிப் பெட்டி. தினமும் காலையில் அவர் தன் சட்டையையும், கேட்காமலே என் சீருடைச் சட்டையையும் தேய்த்து வைப்பார். அதை அந்தக் கணத்தில் நான் நினைக்கவில்லை. "அத்தான், உங்க சட்டை மடிப்புக்காக உங்க பொண்ணோட மூணு வருஷத்தைப் பிடுங்கிப் போட்டிருக்கீங்க" என்றேன். எல்லார் முன்னாலும். இன்னும் என்னென்னவோ. சட்டை மடிப்பால் சாய்ந்த சாம்ராஜ்யங்கள் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

அவர் ஒயரைப் பார்த்தார். "நான் வந்தப்ப அந்த பாயின்ட் காலியாத்தான் இருந்துச்சு மாப்ளே" என்றார். அவ்வளவுதான். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனார்.

ஜூன் 9, திங்கள்

புதுக் கர்னல் போட்டேன். சிடியை எடுத்துவிட்டு ஏற்றினேன். யானை தன் காலில் நின்றது. கை தட்ட ஆள் இல்லை.

மாலையில் ராணி ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, ஜூன் ரெண்டாம் தேதி குளத்துப் பதிவு நாலும் திறக்கலை. பேர் இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல. பூஜ்யம்."

இடமில்லை என்று யானை சொன்னதே. ஓகே என்று அமுக்கச் சொன்னேனே. பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிவிட்டு ஆளை உள்ளே விடாமல் — ஐயோ.

"ரெக்கார்டர்ல இருக்கும்ல?"

"அன்னிக்கே அழிச்சிட்டேன். எப்பவும் ஏத்தினதும் அழிச்சிடுவேன். உங்க நகல் இருக்குன்னு."

முதல் மழைக்கு மட்டும் வெளியே வந்து கத்தும் ஒரு சின்னத் தவளை. மூன்று வருடத்தில் அது அகப்பட்டது அந்த ஒரே நாள்தான். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அதுதானாம். என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. அறைக்குப் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். படாரென்று சாத்தியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

என் சீருடைச் சட்டை நாற்காலியில் சுருண்டு கிடந்தது. கசங்கலோடே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். லிப்ட் கண்ணாடியில் பார்த்தபோது யாரோ மென்று துப்பியவன் போல இருந்தேன்.

அத்தான் பேசவில்லை. ராணி அப்பாவிடம் பேசவில்லை. ஒயரைப் பிடுங்கியது அவர் என்று அவளும் நம்பிவிட்டாள். நான் சொன்னால் நம்புவாளே.

ஜூன் 11, புதன்

அத்தான் மேல் குற்றப்பத்திரிகை தயாரிப்பது என்று முடிவு செய்தேன். கடைசி நகல் போன வருடம் மார்ச் 3 ஞாயிறு. மார்ச் 10 ஞாயிறு நகல் இல்லை. ஆக, இடைப்பட்ட வாரத்தில்தான் ஒயர் பிடுங்கப்பட்டிருக்கிறது. அந்த வாரம் அத்தான் என்ன செய்தார்? சாட்சி யார்? என் நாட்குறிப்புதான். வீட்டில் நடந்ததெல்லாம் எழுதிவைக்கிறேனே. போன வருட நோட்டைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிப் புரட்டினேன்.

அங்கே இருந்ததை அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"மார்ச் 9, சனி. கால் அமுக்கும் மிஷின் வந்து சேர்ந்தது. இனி என் பாதங்கள் அரச பாதங்கள். தேய்க்கும் மேசைக்கு அடியில் சிம்மாசனம் அமைத்தேன். பிளக் பாயின்டில் ஏதோ ஒரு கறுப்பு ஒயர் வெட்டியாகக் குடியிருந்தது. பிடுங்கி எறிந்தேன். உலகம் ஒன்றும் அழிந்துவிடவில்லை."

என் கையெழுத்து. என் பேனா. "உலகம்" என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அந்த மிஷின் எட்டே நாளில் உயிரை விட்டது. நினைவிருக்கிறது. காலியான பாயின்டில் அப்புறம் ஒருநாள் அத்தான் பெட்டியைச் செருகியிருக்கிறார். அவர் சொன்னது சரி. காலியாகத்தான் இருந்தது.

ஒன்றரை மணி நேரமாக இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிகைப்படுத்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கிழித்துவிட்டால்? யாருக்குத் தெரியும்? பரணில் இருக்கும் நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்? அத்தான் இன்னும் ஒரு வாரம் முறைப்பார், பிறகு சரியாகிவிடும். ராணி அப்பாவிடம் எப்போதாவது பேசிவிடுவாள்.

எப்போதாவது.

ஜூன் 12, வியாழன்

சாப்பிட உட்கார்ந்ததும் நோட்டை எடுத்தேன். "ஒரு பக்கம் வாசிக்கணும்" என்றேன். அக்கா, "உன் சரித்திரத்தைக் கேக்க இப்ப யாருக்கும் தெம்பில்லடா" என்றாள். வாசித்தேன். அரச பாதங்களையும் தாண்ட வேண்டியிருந்தது. இருந்தாலும் கோடு போட்ட சொல்வரை வாசித்தேன்.

குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. மூன்று நாளாகச் சொட்டுகிறதாம். எனக்கு இப்போதுதான் கேட்டது.

அக்காதான் முதலில் பேசினாள். கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் கேட்கும் குரல்.

"லிப்டுல பிரேக்கைப் போட்டுப் பார்க்காம கையெழுத்துப் போடுவியாடா?"

"மாட்டேன்."

"ஒரு தடவைகூட?"

"இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட."

"அந்த நகல் இருக்கான்னு எத்தனை தடவை திறந்து பார்த்த?"

அவளுக்குத் தெரியும்.

ராணி அப்பாவின் தட்டில் கொஞ்சம் சாதம் வைத்தாள். "போதும்மா" என்றார். அவர்களுக்குள் அவ்வளவுதான் நடந்தது. நான் அத்தானைப் பார்த்து, "தப்பு என் மேலதான் அத்தான். எல்லார் முன்னாலும் பேசிட்டேன், அதனால எல்லார் முன்னாலும் சொல்றேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆட்டியது சரி என்றா, சாப்பிடு என்றா, தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கசங்கிய சட்டை.

ஜூன் 21, சனி

மத்தியானம் மழை கொட்டியது. ராணி பையைத் தூக்கினாள். முதல் மழை போய்விட்டது, ஆனால் நடுவில் வெயில் காய்ந்திருக்கிறது, அந்தத் தவளை மறுபடி ஏமாந்து வெளியே வந்தாலும் வரும் என்றாள். "நானும் வரேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பேசக் கூடாது மாமா. மூச்சுகூடச் சத்தமா விடக் கூடாது. உங்களால முடியாது."

முழங்கால் அளவு சேற்றில், நீண்ட கம்பில் மாட்டிய ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கொசு மூக்கில் உட்கார்ந்து இருக்கும் ரத்தத்தையெல்லாம் குடித்தது. காலில் ஏதோ ஊர்ந்தது. அதன் நீளத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. சொல்லவில்லை. இருட்டுவதற்குச் சற்று முன்னால், என் இடது காலுக்கு ஒரு முழத் தூரத்தில், யாரோ கூழாங்கல்லால் கண்ணாடியைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். இவ்வளவுதானா அது? இந்தச் சின்னச் சத்தத்தையா நான் ஓகே சொல்லி அமுக்கினேன்?

ராணி கரையிலிருந்து கையைத் தூக்கி, அசையாதீர்கள் என்று சைகை காட்டினாள். அசையவில்லை. ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் பேசாமல் இருந்தேன். பிறந்ததிலிருந்து இதுவே அதிகம் என்று அக்கா சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் யானையில் ஏற்றினாள். வெளி டிஸ்கில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று. மூன்றையும் திறந்து, கடைசிவரை கேட்டாள். அதன் பிறகும் ரெக்கார்டரில் இருப்பதை அழிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. "இருமல் ஒண்ணுதான் விழுந்திருக்கு மாமா, பரவால்ல" என்றாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கொடுத்துவிட்டாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம். உண்மையான எண்ணிக்கை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

லிப்டுகளில் தொங்கவிடும் சோதனை அட்டை ஒன்றை யானையின் காதில் கட்டியிருக்கிறேன். தேதி, எந்த நகலைத் திறந்து பார்த்தது, திறந்ததா, கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் ஆணியில் பதினேழாம் சிடி, காகித உறைக்குள், "உயிர்" என்று புதிதாக எழுதி. மற்ற இருபத்தொன்றும் மறுபடி பால்கனியில். புறாக்கள் வழக்கம்போல வருகின்றன.

இன்று முதல் சோதனை. வெளி டிஸ்கிலிருந்து ஒரு தவளையை எடுத்துத் திறந்தேன். கத்தியது. அட்டையில் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கையெழுத்துக்கு அத்தானைக் கூப்பிட்டேன். வந்தார். பேனாவை வாங்கிய பிறகு, முதலில் மேசைக்கு அடியில் குனிந்து ஒயர் செருகியிருக்கிறதா என்று பார்த்தார். கையால் அசைத்தும் பார்த்தார். நியாயம்தான். அப்புறம் போட்டார்.

பிறகு படுக்கையறையிலிருந்து இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து, நான் புதிதாக வைத்துக்கொடுத்த வேறொரு பாயின்டில் செருகினார். நான் கூடத்துக்கு நகர்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது நாற்காலியில் இரண்டு சட்டைகள் இருந்தன. மேலே இருந்தது என்னுடையது. இன்னும் சூடாக இருந்தது.